மரத்துப்பாக்கியும் கறுப்புத் துப்பாக்கியும்

குட்டையில் தண்ணீர் வற்றி நான்கு நாட்கள் ஆகிவிட்டன. சேறு மட்டும்தான் மிச்சம். அந்தச் சேற்றைச் சுற்றி இருபத்து மூன்று புள்ளிமான்கள் நாக்கு வறண்டு நின்றன. நடுவில் ஒரு காட்டுப்பன்றி சுகமாகப் புரண்டுகொண்டிருந்தது.

"இன்று மதியம் மொட்டைவெளியைக் கடக்கிறோம்!" என்றது நெடுங்கொம்பன். அதுதான் மான் கூட்டத்தின் தலைவன்.

மொட்டைவெளிக்கு அந்தப் பக்கம் ஆற்றுக்காடு. எந்தக் கோடையிலும் அங்கே தண்ணீர் ஓடும். ஆனால் நடுவில் இருந்த வெளியில் ஒளிந்துகொள்ள ஒரு செடிகூடக் கிடையாது. வெறும் செம்மண். அதில் யானை படுத்தாற்போல மூன்று பெரிய பாறைகள். பக்கத்து மேட்டில் வேட்டைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இருட்டிய பிறகு போகலாம் என்றால், அப்போது அந்தப் பாறைகளில் சிறுத்தை உட்கார்ந்திருக்கும்.

அதனால் மான்கள் பகலில்தான் கடக்கும். அதற்கு அவை ஒரு முறை வைத்திருந்தன. 'வெடிக்கு ஓர் ஓட்டம்' என்று அதற்குப் பெயர். பாறைக்குப் பின்னாலிருந்து தலைவன் தன் கொம்பை மட்டும் வெளியே காட்டும். வேட்டைக்காரன் அவசரப்பட்டுச் சுடுவான். குண்டு பாறையில் பட்டுத் தெறிக்கும். அடுத்த குண்டைப் போட அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் கூட்டம் முழுவதும் அடுத்த பாறைக்கு ஓடிவிடும். நான்கு வெடி, நான்கு ஓட்டம், அப்புறம் ஆறு! எத்தனையோ கோடைகளாக இப்படித்தான் நடந்துவந்தது.

"மதியம் வேண்டாம் அண்ணா!" என்று ஒரு குரல் கேட்டது.

சேற்றின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றிருந்தது மஞ்சக்காலி. அது ஓர் ஆட்காட்டிக் குருவி. காட்டுக்குள் மனிதர் யார் வந்தாலும் முதலில் பார்த்துக் கத்துவது அதன் வேலை.

"வந்துவிட்டாள் குடைக்காரி!" என்று ஒரு மான் சிரித்தது.

போன கோடையில் ஒருவன் கறுப்புக் குடையை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். மஞ்சக்காலி அதைத் துப்பாக்கி என்று நினைத்துக் கத்தித் தீர்த்துவிட்டது. கூட்டம் அரை நாள் மேயாமல் புதருக்குள் கிடந்தது. அன்றிலிருந்து இந்தப் பட்டப்பெயர்.

மஞ்சக்காலி கோபப்படவில்லை. அந்தக் குடையிடம் அது ஒரு பாடம் படித்திருந்தது. இப்போதெல்லாம் அது பொருளின் உருவத்தைப் பார்ப்பதில்லை. வைத்திருப்பவனின் கையைத்தான் பார்க்கும்.

"அண்ணா, மேட்டடியில் இரண்டு வேட்டைக்காரர்கள் கூடாரம் போட்டிருக்கிறார்கள். காலையில் நெட்டையன் காவல் இருக்கிறான். மதியம் தொப்பிக்காரன். நாம் நாளைக் காலையில் போக வேண்டும். மதியம் போகவே கூடாது!"

சேற்றில் கிடந்த பன்றி துள்ளி எழுந்தது. அதன் பெயர் உருளையன்.

"காலையிலா? உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? நெட்டையன் துப்பாக்கியை நான் இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். முழுக்கக் கறுப்பு! மேலே ஒரு குழாய், கீழே இரண்டு கால்! பேய் மாதிரி இருக்கிறது. பார்த்ததும் நான் ஓடிய ஓட்டத்தில் என் குளம்பே தேய்ந்துவிட்டது!"

"தொப்பிக்காரனுடையது?" என்று கேட்டது நெடுங்கொம்பன்.

"அது பழைய மாதிரிதான். பளபளவென்று மரக்கட்டை. அவன் தாத்தா காலத்துத் துப்பாக்கி மாதிரி இருந்தது."

"பிறகென்ன? மரத்துப்பாக்கி என்றால் நமக்குப் பழக்கம்தானே! மதியமே கடப்போம்."

மஞ்சக்காலி காலை ஊன்றி நிமிர்ந்து நின்றது.

"நேற்று இரண்டு பேரும் தகர டப்பாக்களை வைத்துச் சுட்டுப் பழகினார்கள். நான் பொழுதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் துப்பாக்கியில் ஒரு குண்டு சுட்டதும் நெட்டையன் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைத் தூக்குகிறான். பின்னால் இழுக்கிறான். முன்னால் தள்ளுகிறான். கீழே மடக்குகிறான். மறுபடி குறி பார்க்கிறான். அதன்பிறகுதான் அடுத்த குண்டு. நமக்குப் பழக்கமான துப்பாக்கியும் இப்படித்தான்."

"சரி, மரத்துப்பாக்கி?"

"அதில் அவன் கைக்கு வேலையே இல்லை! விசையை அழுத்துகிறான். குண்டு போகிறது. வெறுந்தோட்டா தானாக வெளியே குதிக்கிறது. புதுத்தோட்டா தானாக உள்ளே ஏறிக்கொள்கிறது. மறுபடி அழுத்த வேண்டியதுதான் பாக்கி."

"அப்படியானால் குண்டு மழையாகக் கொட்டுமோ?" என்று உருளையன் கேலி செய்தது.

"கொட்டாது. இல்லாததை நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை அழுத்தினால் ஒரு குண்டுதான். ஆனால் ஓர் அழுத்தத்துக்கும் அடுத்த அழுத்தத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லை."

"டப்பாவில் விழுந்த ஓட்டை?" என்று கேட்டது நெடுங்கொம்பன்.

"இரண்டிலும் ஒரே அளவு ஓட்டைதான்."

"பார்த்தாயா! ஓட்டை ஒன்று, குண்டு ஒன்று, செத்தால் சாவும் ஒன்று. இதில் என்ன பெரிய வித்தியாசம் கண்டுவிட்டாய்?"

"அண்ணா, நாம் இத்தனை காலம் பிழைத்தது குண்டு சின்னதாக இருந்ததாலா? இரண்டு குண்டுக்கு நடுவே நேரம் இருந்ததால்தானே! நாம் ஓடுவது அந்த நேரத்துக்குள்தானே! அது இல்லையென்றால் நாம் எதற்குள் ஓடுவது?"

 கூட்டத்தில் யாரோ, "குடைக்காரி கணக்குப் போடுகிறாள்!" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நெடுங்கொம்பன் மொட்டைவெளியை நோக்கி நடந்தது. கூட்டம் பின்னாலேயே போனது.

மஞ்சக்காலி விடவில்லை. பறந்து போய் முதல் ஓட்டம் தொடங்கும் மூங்கில் புதருக்கு முன்னால் இறங்கியது. அங்கே இருந்த கருங்கல்லில் ஏறி, இறக்கையை அகல விரித்து வழியை மறித்தது.

"என்னை மிதித்துவிட்டுப் போங்கள்! அல்லது ஒரு சோதனை செய்யுங்கள். அண்ணா, இந்தக் கல்லுக்குப் பின்னாலிருந்து கொம்பைக் காட்டு. வெடித்ததும் யாரும் ஓடாதீர்கள். நான்கு எண்ணும்வரை கொம்பை அப்படியே வை. நான்குக்குள் இரண்டாவது குண்டு வராவிட்டால் நான் இனிமேல் வாயே திறக்க மாட்டேன். இந்தக் காட்டை விட்டே போய்விடுகிறேன்."

"சொன்ன சொல் மாற மாட்டாயே?"

"மாற மாட்டேன்."

"உன் கத்தல் ஒழியும் என்றால் நல்லதுதான்!" என்றது நெடுங்கொம்பன்.

அது கல்லுக்குப் பின்னால் படுத்துக் கொம்பை மட்டும் நீட்டியது.

டுமீல்!

கல்லின் மேல் தூசி கிளம்பியது.

"ஒன்று..." என்று நெடுங்கொம்பன் எண்ணத் தொடங்கியது.

டுமீல்!

இரண்டு என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. வலது கொம்பின் ஒரு கிளை முறிந்து தரையில் விழுந்து உருண்டது.

டுமீல்! டுமீல்!

நெடுங்கொம்பன் தலையை மண்ணோடு மண்ணாக அழுத்திக்கொண்டது. முறிந்த கிளை அதன் மூக்குக்கு எதிரே கிடந்தது. கூட்டம் ஓடியிருந்தால், எண்ணிக்கை 'ஒன்று' ஆகும்போது முன்வரிசை மான்கள் வெட்டவெளியின் நடுவில் இருந்திருக்கும். அங்கே யார் யார் இருந்திருப்பார்கள் என்று அது மனதுக்குள் எண்ணிப் பார்த்தது. 

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மூங்கில் புதருக்குள் பின்வாங்கினார்கள்.

"ஐயோ, மரத்துப்பாக்கியே இப்படி என்றால் கறுப்புத் துப்பாக்கி எப்படியிருக்கும்!" என்று உருளையன் அலறியது. "செத்தோம்! காலையிலும் போக முடியாது, மதியமும் போக முடியாது!"

"உருளையா, நான் சொன்னதில் பாதியைத்தான் கேட்டாயா?" என்றது மஞ்சக்காலி. "கறுப்பு என்பது நிறம். அந்தக் குழாய் தூரத்தில் இருப்பதைப் பார்க்க. கால்கள் தரையில் ஊன்ற. அவற்றில் ஒன்றாவது அவன் கை வேலையைக் குறைக்கிறதா? இல்லையே!"

"அது... இருந்தாலும்... பார்க்கவே பயமாக இருக்கிறதே!"

"பயப்படு. வேண்டாம் என்று யார் சொன்னது? அதுவும் கொல்லும். ஆனால் அது கொல்வதற்கு நடுவே நாம் ஓட நேரம் இருக்கிறது."

அப்போது கருவிழி என்ற தாய்மான் முன்னால் வந்தது. அதன் குட்டி நிற்க முடியாமல் தாயின் காலில் சாய்ந்திருந்தது.

"என் குட்டி நாளைக் காலை வரை தாங்கும். நாளை மாலை வரை தாங்காது," என்றது கருவிழி. "நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும், நான் காலையில் மஞ்சக்காலியோடு போகிறேன்."

நெடுங்கொம்பன் எழுந்து நின்றது.

"எல்லோரும் போகிறோம். மஞ்சக்காலி, நீ எண்ணு. நாங்கள் ஓடுகிறோம்."

மறுநாள் காலை வெயில் ஏறியதும் மஞ்சக்காலி மேட்டுக்கு நேர் மேலே போய் வட்டமிட்டது. கீழே நெட்டையன் கறுப்புத் துப்பாக்கியின் முன்னால் குப்புறப் படுத்திருந்தான். தொப்பிக்காரன் கூடாரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

நெடுங்கொம்பன் முறிந்த கொம்பை வெளியே காட்டியது.

டுமீல்!

"தூக்கினான்!" என்று மஞ்சக்காலி வானத்திலிருந்து கத்தியது. "இழுத்தான்! தள்ளினான்! மடக்கினான்!"

அது 'மடக்கினான்' என்று சொல்லும்போது இருபத்து மூன்று மான்களும் ஒரு பன்றியும் முதல் பாறைக்குப் பின்னால் இருந்தன.

"ஆகா!" என்றது உருளையன். அதற்கே நம்ப முடியவில்லை. "வால்கூடப் பத்திரமாக இருக்கிறது!"

இரண்டாவது பாறை. மறுபடி கொம்பு, மறுபடி வெடி, மறுபடி ஓட்டம். மூன்றாவது பாறையும் வந்துவிட்டது.

"இந்தக் குருவி ஏன்டா தலைமேலேயே கத்துது?" என்று நெட்டையன் எரிச்சலோடு சொன்னான். பிறகு, தன் கை வேலையாக இருக்கும் நேரத்தில்தான் மான்கள் ஓடுகின்றன என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கூடாரத்தைப் பார்த்துக் கூவினான்: "அண்ணே! கூட்டமே போகுது! உன் துப்பாக்கியை எடுத்துக்கிட்டு ஓடி வா!"

தொப்பிக்காரன் எழுந்தான். மரத்துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினான். மஞ்சக்காலி அதைப் பார்த்தது.

"அண்ணா, மரத்துப்பாக்கி வருகிறது! இதுதான் கடைசி ஓட்டம்! இப்போதே கொம்பைக் காட்டு!"

நெடுங்கொம்பன் கொம்பைக் காட்டியது. நெட்டையன் சுட்டான்.

"தூக்கினான்!"

கூட்டம் பாய்ந்தது.

"இழுத்தான்!"

கருவிழியின் குட்டி கால் மடங்கி விழுந்தது. கருவிழி நின்றுவிட்டது.

"நிற்காதே, ஓடு!" என்று கத்திக்கொண்டு பின்னால் வந்தது உருளையன். குட்டியின் வயிற்றுக்கு அடியில் மூக்கைக் கொடுத்தது. ஒரே முட்டு! குட்டி மூன்று முழம் முன்னால் போய் விழுந்தது.

"தள்ளினான்!"

இன்னொரு முட்டு! குட்டி உருண்டது, எழுந்தது, ஓடியது.

"மடக்கினான்!"

ஆற்றங்கரைப் புதரில் கருவிழியும் குட்டியும் உருளையனும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போய் விழுந்தன. குட்டி எழுந்த இடத்தில் நெட்டையனின் குண்டு மண்ணைக் கிளப்பியது. அதே நேரம் தொப்பிக்காரன் மேட்டு உச்சிக்கு வந்து சேர்ந்தான்.

டுமீல்! டுமீல்! டுமீல்! டுமீல்! டுமீல்!

மூச்சுவிடும் நேரத்துக்குள் ஐந்து இடங்களில் செம்மண் பறந்தது. ஆனால் மொட்டைவெளியில் இப்போது யாருமே இல்லை.

ஆற்றில் எல்லோரும் வயிறு முட்டக் குடித்தார்கள். கருவிழியின் குட்டி மூக்குவரை தண்ணீரில் நனைந்து தும்மியது. மஞ்சக்காலி ஒரு மணல் திட்டில் இறங்கி மெதுவாக இரண்டு வாய் குடித்தது.

உருளையன் அதன் பக்கத்தில் வந்து நின்றது.

"அக்கா, அப்படியானால் அந்தக் கறுப்புத் துப்பாக்கி நல்ல துப்பாக்கிதானோ?"

"நல்லதாவது! நீ இன்னும் ஒரு முட்டு முட்டத் தாமதித்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டும் நம்மைக் கொல்ல வந்தவைதான். ஒன்று ஓட நேரம் கொடுத்தது. மற்றது கொடுக்கவில்லை. நமக்கு உயிரும் சாவும் அந்த வித்தியாசத்தில்தான் இருந்தன."

நெடுங்கொம்பன் தலையைத் தாழ்த்தி மஞ்சக்காலியின் எதிரே நின்றது.

"இனி எந்தத் துப்பாக்கி வந்தாலும், அதை வைத்திருப்பவனின் கையைப் பார்த்து நீ சொன்ன பிறகுதான் நாங்கள் காலை எடுத்து வைப்போம்," என்றது.

இரண்டு பொருள்கள் ஒன்றா வேறா என்று முடிவு செய்யுமுன், அவை எப்படித் தோன்றுகின்றன என்று பார்க்காமல் எப்படி வேலை செய்கின்றன என்று பொறுமையாகப் பார்ப்பவர்களே ஆபத்திலிருந்து தப்புவார்கள்.