மூன்று பேர் கேட்ட ஒரு வரி

மாசிலாமணியின் கட்சிக்குச் சட்டசபையில் இருந்தது மூன்றே பேர். போன சபையிலும் அவர்கள் மூன்று பேர்தான். எழுந்து பேசினால் திரும்பிப் பார்க்க ஆள் கிடையாது. இந்தத் தேர்தலில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மைக்கு இரண்டு இடம் குறைந்துபோனது. அதிலிருந்து அவர் வீட்டு வாசலில் கார்கள் நிற்க ஆரம்பித்தன.

அரசு ஒரு பாசன மசோதா கொண்டுவந்தது. எந்த ஊருக்கு எப்போது தண்ணீர் என்பதை இனி ஒரு வாரியம் முடிவு செய்யும். கால்வாய்களைச் செப்பனிடவும் அதில் வழி இருந்தது. நல்ல மசோதாதான். ஆனால் மாசிலாமணியின் தொகுதி கடைமடை. கால்வாய் முடிந்து கடல் தொடங்குகிற இடம். மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மிஞ்சினால்தான் அங்கே நாற்று நடலாம். சில வருஷங்களாக மிஞ்சவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு பனியன் கம்பெனிகளுக்குப் போன குடும்பங்களை அவரே பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்.

அணைக்குச் சற்றுக் கீழே ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஆசிரமம். அங்கே யோகாம்பிகை அம்மையார் இருந்தார். மாசிலாமணியைவிடப் பத்து வயது இளையவர். இருந்தும் அவருக்கு அம்மையார்தான் குரு.

"அம்மா, மூன்று பேர் நூறு பேரிடம் எப்படிப் பேரம் பேசுவது?" என்று கேட்டார் மாசிலாமணி.

"என்ன கேட்கப்போகிறீர்கள்?"

அவர் சொன்னார். ஒரு மந்திரி பதவி. வாரியத்தில் இரண்டு இடம். தொகுதிக்கு ஒரு மருத்துவக் கல்லூரி. மீன்பிடித் துறைமுகம். வறட்சிக் காலத்தில் கடைமடைக்கே முதல் தண்ணீர் என்று மசோதாவில் ஒரு வரி. கட்சிக்காரர்கள் மேல் போட்ட வழக்குகளை வாபஸ் வாங்க வேண்டும். அப்புறம் இன்னும் சில.

அம்மையார் எழுந்தார். "பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போங்கள். அங்கிருந்து இதை எனக்குச் சொல்லுங்கள்."

மதகு திறந்திருந்ததால் ஆறு இரைச்சலோடு ஓடியது. மாசிலாமணி அக்கரையில் நின்று எல்லாவற்றையும் கத்திச் சொன்னார். இக்கரையில் அம்மையார் கையை விரித்தார்; ஒன்றும் கேட்கவில்லை. அவர் மறுபடியும் கத்தினார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். துறைமுகத்தை விட்டுவிட்டுக் கத்தினார். கல்லூரியை விட்டார். பதவியை விட்டபோது தொண்டை கட்டிவிட்டது. ஒன்றே ஒன்றுக்குத்தான் மூச்சு மிச்சமிருந்தது.

"கடைமடைக்கு முதல் தண்ணீர்."

கேட்டுவிட்டது என்று அம்மையார் கையை உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் சட்ட மந்திரி கோதண்டபாணி அவரைக் காப்பிக்கு அழைத்தார். மந்திரி பதவி தருவதாகச் சொன்னார்.

"வேண்டாம். மசோதாவில் அந்த ஒரு வரி போதும்" என்றார் மாசிலாமணி.

"முதல்வர் வாக்குக் கொடுப்பார். எழுத்தில் எதற்கு?"

"முதல்வர் மாறுவார். எழுத்து இருக்கும்."

கோதண்டபாணி சிரித்தார். பத்து நாள் இழுத்தடித்தார். முதல்வரிடமும் மேல்மடைத் தொகுதிக்காரர்களிடமும் போய்ப் போய் வந்தார். கடைசியில் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். 'வறட்சிக் காலத்தில் இயன்றவரை கடைமடைக்கு முதலில் நீர் விடப்படும்' என்று அதில் இருந்தது.

"ஆனால் ஒன்று ஐயா. மூன்று பேருக்கு நாங்கள் பணிந்துவிட்டோம் என்று தெரிந்தால் எங்கள் மேல்மடை ஆட்கள் கலகம் செய்வார்கள். இதை அரசே கொண்டுவந்த திருத்தமாகத்தான் வைக்க முடியும். நீங்கள் கேட்டீர்கள் என்று சபையிலும் சொல்லக் கூடாது, வெளியிலும் சொல்லக் கூடாது."

மாசிலாமணிக்கு முகம் கறுத்தது. அடுத்த தேர்தலில் இதைச் சொல்லித்தான் அவர் ஓட்டுக் கேட்க வேண்டும். ஆதரவு இல்லை என்று எழுந்து போய்விடலாம். மசோதா தோற்கும், ஆட்சியும் கவிழலாம். கால்வாய் அப்படியே தூர்ந்து கிடக்கும். பூட்டிய வீடுகளும் பூட்டியே இருக்கும்.

அவர் அந்தத் தாளை இன்னொரு முறை படித்தார்.

"இயன்றவரை என்று போட்டால் எந்த அதிகாரிக்கும் இயலாது. அந்தச் சொல்லை எடுங்கள். என் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

கோதண்டபாணி பேனாவைத் திறந்து அந்தச் சொல்லை அடித்தார்.

மசோதா நிறைவேறியது. மூன்று பேரும் ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார்கள். விலைபோய்விட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. கட்சிக் கூட்டத்தில் நாற்காலிகள் பறந்தன. மூவரில் ஒருவரான பூங்கோதை, "பதவியும் வாங்கவில்லை, பெயரும் வாங்கவில்லை. நமக்கு எதற்கு அண்ணே கட்சி?" என்று கேட்டுவிட்டுப் போனவர், அப்புறம் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. வாரியம் சட்டத்தைப் பார்த்துக் கடைமடைக்கு முதலில் தண்ணீர் விட்டது. போன குடும்பங்களில் பாதி திரும்பி வந்து நாற்று நட்டன. ஊர் மதகில் முதல்வர் படத்தை வைத்து மாலை போட்டார்கள். பொங்கல் வைத்தார்கள். மாசிலாமணியை யாரும் கூப்பிடவில்லை. அவர் கூட்டத்தோடு கூட்டமாக ஓரத்தில் நின்று ஒரு தொன்னைப் பொங்கலை வாங்கித் தின்றுவிட்டு, நேராக ஆசிரமத்துக்கு வந்தார்.

"தண்ணீர் வந்துவிட்டது அம்மா. ஆனால் மனசு கேட்கவில்லை. யாரால் வந்தது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கு இது சின்னத்தனமாகத்தான் படுகிறது. இருந்தாலும் வலிக்கிறது."

"வலிக்கத்தான் செய்யும்" என்றார் அம்மையார்.

பிறகு அம்மையார் கேட்டார்: "உங்கள் ஊரில் முதலில் கல்லூரிப் படிப்பை முடித்தது நீங்கள்தானே? எங்கே தங்கிப் படித்தீர்கள்?"

"அரசு விடுதியில். அப்பா உப்பளக் கூலி. விடுதி இல்லாவிட்டால் நானும் உப்புதான் வாரியிருப்பேன்."

"இடம் எப்படிக் கிடைத்தது? சிபாரிசா?"

"சிபாரிசுக்கு எங்கே போவது? சட்டத்திலேயே இருந்தது அம்மா. எங்களைப் போன்றவர்களுக்கு இத்தனை இடம் என்று ஒரு வரி."

"அந்த வரியைச் சட்டத்தில் சேர்க்க வைத்தது யார்?"

மாசிலாமணி யோசித்தார். அன்றைக்கு ஆண்ட கட்சியின் பெயர் நினைவுக்கு வந்தது. அந்த வரியை அவர்களிடம் வற்புறுத்திக் கேட்டவர் யார் என்று தெரியவில்லை. இத்தனை வருஷ அரசியலில் அதை யாரிடமாவது கேட்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை.

"தெரியவில்லை அம்மா" என்றார் மெதுவாக. "உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது" என்றார் அம்மையார். "நன்றாகப் பேரம் பேசியிருக்கிறார்."