ஆறாம் ஸ்தலத்துத் துணி

தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான். அதனால் காதைக் கொஞ்சம் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

இராயப்பர்துறை என்றொரு கடலோர ஊர். பெரிய வெள்ளியன்று சிலுவை சுமந்த இயேசுவின் சுரூபத்தைத் தெருவெல்லாம் தூக்கிவருவார்கள். வழியில் நின்று ஜெபிக்கும் பதினான்கு ஸ்தலங்களில் ஆறாவதில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வெள்ளைத் துணியால் அந்த முகத்தைத் துடைப்பாள். அந்த உரிமை சும்மா கிடைக்காது. நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று தன்னிடமுள்ள தீக்குணம் ஒன்றைச் சீட்டில் எழுதிக் கோயில் பெட்டியில் போட வேண்டும். தவக்காலம் முழுக்க அதை விட்டு விலகியிருந்தவளுக்கே துணி.

கோயிலைப் பெருக்கி, பீடத்துத் துணிகளைத் துவைத்துப் பிழைத்தவள் ஜெனோவா. தகப்பன் இல்லை. தாய் கேரளாவில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தாள். உண்மையில் தாய்க்குப் புத்தி பேதலித்து நான்கு வருஷம். நகரத்து மனநல ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஒருநாள், அம்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று மூன்று பேரிடம் மட்டும் இதை அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

அந்த மூவரும் சீட்டுப் போட்டார்கள். எமரன்சி ‘பொய்’ என்று எழுதினாள். குளோரி ‘புறணி’ என்று. பிரகாசி ‘கோபம்’ என்று. எழுதியதை ஊருக்கே சொல்லியும் வைத்தார்கள். ஜெனோவாவும் ஒரே ஒரு சொல் எழுதிப் போட்டாள், யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு யாராவது “அம்ம எப்படி இருக்கா?” என்று கேட்டால், குனிந்து பெருக்கிக்கொண்டே போய்விடுவாள்.

தவக்காலத்து ஐந்தாம் வாரம் மாப்பிள்ளையின் தாய் ஜெனோவா வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாள். ஜெனோவாவைப் பூசையில் பார்த்து, கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றவன் மாப்பிள்ளை. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பெரியவர்கள் என்று யாருமில்லாததால் முன்னறையில் அந்த மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனோவா காப்பித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்று, ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே மூன்றாம் தடவையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புள்ள மீன்கொழம்பு நல்லா வைப்பாளா?” என்று கேட்டாள் வந்தவள்.

“தவக்காலத்துல பொய் சொல்லமாட்டேன் மைனி,” என்றாள் எமரன்சி. அவள் தம்பி மகளுக்கும் அப்போது வரன் தேடிக்கொண்டிருந்தார்கள். “அருமையா வைப்பா. மாசாமாசம் தூக்குச்சட்டியில ஊத்தி, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கெடக்குற தாய்க்குக் கொண்டு போறாள்லா!”

வந்தவள் குளோரி பக்கம் திரும்பினாள். “நெசந்தானா?”

குளோரி உதட்டை இறுக மூடிக்கொண்டாள். பெருமூச்சு விட்டாள். பிணம் போகையில் போடுவதுபோல மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“மாதாவே!” என்றாள் வந்தவள். “தாய்க்கு உள்ளது மகளுக்கும் வரும்லா? நல்லவேளை, பைத்தியத்த வீட்டுக்குள்ள ஏத்தாமத் தப்பிச்சோம்.”

பிரகாசி துடைப்பத்தைத் தூக்கிவிட்டாள். “எந்திரிளா! பைத்தியக்காரி மவளா இருந்தா என்னளா? ஒன் மவன் மூஞ்சிக்கு இவ கெடைக்கதே பெருசு! எறங்குளா வெளிய!”

தெருவில் ஜன்னல்கள் திறந்தன. மத்தியான மணி அடிப்பதற்குள் சேதி கடற்கரைவரை போய்விட்டது. ஜெனோவா கதவுக்குப் பின்னால் தட்டோடு அப்படியே நின்றாள். காப்பியில் ஆடை படிந்தது.

மறுநாள் அவள் போட்டோ திரும்பி வந்தது.

பெரிய வியாழன் காலை, கோயிலில் சாமியார் உடுப்பு மாற்றும் அறையில் மூவரும் போய் நின்றார்கள்.

“இந்த நிமிஷம்வரைக்கும் ஒரு பொய் சொல்லல சாமி,” என்றாள் எமரன்சி.

குளோரி பேசவே இல்லை. இரண்டு விரலை உதட்டின்மேல் வைத்துத் தலையாட்டினாள்.

“நான் கோவப்பட்டுட்டேன்,” என்றாள் பிரகாசி. “ஆனா இந்தப் புள்ளைக்காகத்தான பட்டேன்? பாதிப் புண்ணியமாவது தேறாதா சாமி?”

கல்யாணம் நின்றது சாமிக்குத் தெரியும். யாரால் நின்றது என்று தெரியாது. இஸ்திரி போட்ட துணியோடு மூலையில் நின்ற ஜெனோவாவைக் கூப்பிட்டார். “நீயே பாத்துக் குடும்மா. ஒனக்குத்தான் இந்த ஊர்ல சொந்தம்னு யாரும் இல்லையே, பாரபட்சம் வராது.”

மூன்று ஜோடிக் கைகள் நீண்டன.

இப்போது சொல்லுங்கள்: தன் தீக்குணத்தை வென்றவள் யார்? துணி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: எமரன்சி பொய் சொல்லவில்லைதான். கேட்டது குழம்பை, சொன்னது தாயை. அவள் சீட்டில் எழுதியிருக்க வேண்டிய சொல் பொறாமை. குளோரி வாயால் பேசாத புறணியைக் கையால் பேசினாள். பிரகாசி ஒருத்திதான் குறுக்கே பாய்ந்தாள். ஆனால் ஓர் அறைக்குள் இருந்ததை ஊர் முழுக்க ஆக்கியதும் அவள் தொண்டைதான். துணி ஏற்கெனவே உரியவள் கையில்தான் இருந்தது. பெட்டியில் ‘பொய்’ என்று இரண்டு சீட்டுகள் கிடந்தன. ‘எங்கம்மா கேரளாவுல இல்ல’ என்பதுதான் கதவுக்குப் பின்னால் ஜெனோவா சொல்லிப் பார்த்த வாக்கியம். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள். குறுக்கே வந்தவளாயிற்றே என்று துணியைப் பிரகாசியிடம் கொடுத்தாள். பெரிய வெள்ளியன்று பிரகாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முகம் துடைத்தாள், ஊரே அழுதது. சனிக்கிழமை ஜெனோவா அந்தத் துணியைத் துவைத்துக் காயப்போட்டாள்.