தறி வரியும் தலை அரிப்பும்

வேங்கைமலை ராஜாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். முதலில் சட்டம் போடுவார், அப்புறம்தான் யோசிப்பார். அப்படித்தான் ஒருநாள், “குழந்தை வளரும் வீட்டுக்குத் தறி வரி கிடையாது. ஒரு குழந்தைக்கு ஒரு வீடுதான்” என்று பறையடிக்கச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் பிரிந்து வேறு வேறு வீட்டில் இருந்தால் என்ன செய்வது? அது அவருக்குத் தோன்றவே இல்லை.

அதனால்தான் செங்கமலம் இப்போது சபையில் நின்றாள். எதிரே அவள் புருஷன் சடையாண்டி. போன வருஷமே அவளை விட்டுத் தனியாகப் போனவன். இரண்டு பேருக்கும் தறி உண்டு. வரி கட்டாவிட்டால் தறியைத் தூக்கிப் போய்விடுவார்கள். சடையாண்டியிடம் காசு இருந்தது, கொடுக்க மனசில்லை. செங்கமலத்திடம் காசே இல்லை. தறியும் போனால் அவளும் மூன்று வயது பூவாயியும் பட்டினிதான்.

இது போதாதென்று அவளுக்குத் தலை வேறு அரித்தது. சபையில் சொறிந்தால் மானம் போய்விடும். கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“பிள்ளை என்கிட்டதான் வளருது மகராசா” என்றான் சடையாண்டி. “ராத்திரி என் நெஞ்சு மேலதான் படுக்கும்.”

“இன்னிக்கு அரண்மனை வாசல்ல அதிரசத்தைக் காட்டித்தான் பிள்ளை பக்கத்துலயே வந்தாரு. பொய் சொல்றாரு சாமி” என்றாள் செங்கமலம்.

மந்திரி பரமானந்தர் செருமினார். “தகப்பன் சொல்லுக்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?”

ராஜா பூவாயியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். “கண்ணு, நீ யார் வீட்ல தூங்குவே?”

“இங்கே” என்றது அது. சொன்னபடியே அவர் தோளில் சாய்ந்து, தலைப்பாகைக்குள் தலையை முட்டிக்கொண்டு தூங்கியும் போனது. ராஜா திருதிருவென்று விழித்தார். விகடகவி குட்டியப்பனைப் பார்த்தார்.

குட்டியப்பன் செங்கமலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘இந்த ஆள் ஏன் என் தலையைப் பார்க்கிறான்?’ என்று அவளுக்குக் கூசியது. அவன் சடையாண்டியிடம் போனான்.

“அண்ணே, முடின்னா இதுதான் முடி. என்ன பளபளப்பு!”

சடையாண்டிக்கு வாயெல்லாம் பல். “வேப்பெண்ணெய்ங்க. தவறாம தேய்ப்பேன்.”

“பேன் தொல்லை?”

“என் வீட்லயா? என் வீட்ல படுக்கிற நாய்க்குக்கூட ஒரு பேன் கிடையாது.”

“அப்போ உங்க நெஞ்சு மேல படுக்கிற பிள்ளைக்கு?”

“அதுக்கும்தான். நானே தேய்ச்சு விடுறேனே.”

குட்டியப்பன் அந்தப்புரத்திலிருந்து ஒரு பேன் சீப்பு வாங்கிவரச் சொன்னான். தூங்குகிற பிள்ளையின் தலையில் ஒரே இழுப்பு. சீப்பை மந்திரியின் மூக்குக்கு நேரே நீட்டினான். மந்திரி பின்னால் நகர்ந்தார். சீப்பு முழுக்கப் பேன் நெளிந்தது.

“இது உங்க வீட்டுப் பேன் இல்லையே அண்ணே.”

பிறகு குட்டியப்பன் செங்கமலத்திடம் திரும்பினான்.

“அம்மா, ரொம்ப நேரமா கையைக் கட்டிட்டு நிக்கிறியே. சொறிஞ்சுக்கோ.”

“எனக்கு ஒண்ணும் இல்ல சாமி.”

“மானத்தைப் பார்க்காதே. உன் தறி உன் தலையிலதான் இருக்கு. சொறி.”

செங்கமலம் கட்டியிருந்த கைகளைப் பிரித்தாள். பிறகு இரண்டு கையாலும் சொறிந்தாள். அப்பாடா என்று கண்ணை மூடிக்கொண்டு, கொண்டை அவிழ, சபையே பார்க்கச் சொறிந்தாள்.

“தலையோடு தலை ஒட்டிப் படுத்தால்தான் மன்னா, பேன் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போகும்” என்றான் குட்டியப்பன். “பிள்ளை எந்த வீட்டில் தூங்குகிறது என்று அதுவே சொல்லிவிட்டது.”

செங்கமலத்துக்கு வரி கிடையாது என்று அங்கேயே தீர்ப்பானது. சடையாண்டி கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டுப் போனான். செங்கமலம் ஓடிவந்து பிள்ளையை ராஜாவின் தோளிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ராஜாவுக்கு ஏக குஷி. “குட்டியப்பா, இந்தா என் தலைப்பாகை. உனக்குத்தான்” என்று ஒரு கையால் கழற்றி நீட்டினார். இன்னொரு கையால் தலையைச் சொறிந்தார்.

குட்டியப்பன் நாலடி பின்னால் போனான்.

“வேண்டாம் மன்னா. நான் கல்யாணம் ஆகாதவன். நாளைக்கு என் தலையும் அரித்தால், குழந்தை எங்கே என்று உங்கள் மந்திரி கேட்பார்.”

ராஜா சிரித்துக்கொண்டே சொறிந்தார். பரிசைப் பொன்னாகவே கொடுத்தார், அதுவும் தட்டில் வைத்து.