நூலகத்தை ஆய்வு செய்த நரியார்

மூங்கில்காட்டுக் கல்லூரியின் நூலகத்தை வேலாயி என்ற முள்ளம்பன்றி கவனித்துக்கொண்டாள். ஜன்னலோரப் பெஞ்சுகளில் நாள் முழுக்க முயல்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து படிக்கும். எந்த இலையைத் தின்னலாம், எதைத் தின்றால் உயிர் போகும் என்பதெல்லாம் அந்தப் புத்தகங்களில்தான் இருந்தது.

முதல்வர் யானையாருக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. "இவ்வளவு பெரிய இடம் உண்மையிலேயே பயன்படுகிறதா?" உடனே நரியாரை ஆய்வுக்கு அனுப்பினார்.

நரியார் படிவமும் கையுமாக வந்தார். அவர் வாடை அடித்ததுமே முயல்கள் ஜன்னல் வழியாகப் பாய்ந்து ஓடிவிட்டன.

"வாசகர்கள், பூஜ்யம்!" என்று எழுதினார் நரியார்.

வேலாயி பதறிப்போனாள். "ஐயா, இப்போதுவரை நாற்பது பேர் இருந்தார்கள்! பெஞ்சைத் தொட்டுப் பாருங்கள், சூடுகூட ஆறவில்லை!"

"நூலகரம்மா, சூட்டுக்கெல்லாம் என் படிவத்தில் கட்டம் இல்லை!"

பத்து நாள் வந்தார். பத்து நாளும் பூஜ்யம்.

அறிக்கையைப் பார்த்த யானையார் நூலகத்தை மாற்றியமைக்கச் சொன்னார். பெஞ்சுகள் வெளியே போயின. மயில் போட்டுக்கொடுத்த திட்டப்படி ஜன்னல்களை அடைத்துச் சுவரெங்கும் கண்ணாடி பதித்தார்கள். அதில் தன்னைப் பார்த்துக்கொள்ள மயில் தினமும் வந்தது. நரியார் கண்ணாடியில் தெரிந்ததையெல்லாம் எண்ணினார். "ஒரே நாளில் அறுபது மயில்கள்! பயன்பாடு எகிறிவிட்டது!"

அந்த வாரம் ஒரு முயல், இன்னதென்று தெரியாமல் அரளித் தளிரைத் தின்றுவிட்டது. பிழைத்ததே பெரிய விஷயம்.

வேலாயி நேரே யானையாரிடம் போனாள். "ஐயா, அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு என்னோடு வாருங்கள். நரியார் வேண்டாம்!"

குளக்கரைப் புதரடியில், நனைந்த ஒரே புத்தகத்தைச் சுற்றி முயல்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தன.

"நூலகம் இருக்கும்போது இங்கே ஏன்?" என்றார் யானையார்.

"எண்ண வந்தவர் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டல்லவா எண்ணினார்!" என்றது அரளி தின்ற முயல்.

யானையார் யோசித்தார். "அப்படியானால் மறு ஆய்வு! இந்த முறை ஓநாயை அனுப்புகிறேன்!"

வேலாயியின் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "ஐயா! முதலில் இவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்!"

யானையார் திகைத்துப்போய் முயல்களிடம் கேட்டார்.

"பழைய பெஞ்சே போதும் ஐயா. ஆனால் வாசல் மட்டும் இரண்டு வேண்டும். ஒன்று வருவதற்கு, ஒன்று ஓடுவதற்கு!" என்றன முயல்கள்.

கண்ணாடிகள் இறங்கின. இரண்டாவது வாசலும் வந்தது. மயில் மட்டும் வருத்தப்பட்டது.

ஓர் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமானால், அங்கே புழங்குகிறவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும்.