ஓடை வாயில் ஒரு வீடு

தண்ணீர் வளைக்குள் புகுந்துவிட்டது.

சிலும்பன் என்ற கீரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டான். அவன் பெண்டாட்டி செவத்தி இன்னொன்றைக் கவ்விக்கொண்டாள். கண் திறக்காத குட்டிகள் மூன்று. கவ்வ வாய் இரண்டுதான். மூன்றாவதை உள்ளறை மூலையில் ஒதுக்கி வைத்துவிட்டு இருவரும் வெளியே பாய்ந்தார்கள்.

பட்டப்பகல்தான். ஆனால் மழையில் எதிரே இருக்கும் மரமே தெரியவில்லை. பக்கத்தில் தண்ணீருக்கு மேல் மிஞ்சியிருந்தது ஒரு கரையான் புற்றுதான். அதன் உச்சியில் நல்லபாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது.

சிலும்பனுக்கு முடி சிலிர்த்தது. குட்டியை இறக்கி வைத்துவிட்டு, "தள்ளிப் படு" என்றான்.

"ஏம்ப்பா, சண்டை போடற நேரமா இது? நானே நடுங்கிக்கிட்டுக் கிடக்கேன். அந்தப் பக்கமா வச்சுக்கோ" என்றது பாம்பு.

"உன்னை நம்பலாமா?"

"நம்பலேன்னா தண்ணியில வை."

செவத்தி இரண்டு குட்டிகளையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள். "நீங்க போங்க. இவன் தலையைத் தூக்கினான்னா நான் பாத்துக்கறேன்."

சிலும்பன் திரும்பி நீந்தினான். அதற்குள் வளை வாசல் மூழ்கிவிட்டது. முங்கிப் பார்த்தான். மண் சரிந்து வழி அடைத்திருந்தது. உள்ளறை, வளை வாசலைவிட மேடானது. அங்கே இன்னும் கொஞ்சம் காற்று இருக்கும். தண்ணீர் இறங்கினால் போதும், குட்டியை எடுத்துவிடலாம்.

ஆனால் அது எங்கே இறங்கும்? போகிற வழியில்தான் ஒருத்தன் வீடு கட்டி வைத்திருக்கிறானே.

அந்தப் புதர்க்காடு ஒரு ஏரிக்குக் கீழே இருந்தது. ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் புதர்க்காட்டுக்குள் வரும். அங்கிருந்து ஓடை வழியாக ஆற்றுக்குப் போய்விடும். கோடையில் ஓடை காய்ந்து கிடக்கும். காய்ந்து கிடந்தால் சும்மா கிடக்கிறது என்று அர்த்தமாம். காட்டின் தலைவனான மொக்கையன் என்ற பெருச்சாளி அப்படித்தான் நினைத்தான். தன் கூட்டம் தோண்டிய மண்ணையெல்லாம் ஓடையின் வாயில் கொட்டச் சொன்னான். மேடானதும் அதற்குள் தனக்கு ஒரு பெரிய வளையும் கிழங்குக் கிடங்கும் அமைத்துக்கொண்டான்.

பயந்தவர்களுக்கு ஒரு பனைமரத்தைக் காட்டினான். பழைய வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு அதில் இருந்தது. "தண்ணி வந்ததே இவ்வளவுதான். கோட்டுக்கு மேல வளை தோண்டிக்கோங்க. ஒரு பயமும் இல்ல."

எல்லாரும் கோட்டுக்கு மேலே தோண்டினார்கள். சிலும்பனும்தான். அது ஓடை திறந்திருந்த காலத்துக் கோடு. வாயை அடைத்துவிட்டால் தண்ணீர் பழைய கோட்டையெல்லாம் பார்த்து நிற்காது.

சிலும்பன் மூச்சு வாங்க அந்த மேட்டில் ஏறினான். மொக்கையன் நனையாமல் உட்கார்ந்திருந்தான். இரண்டு எடுபிடிகள் அவன் தலைக்கு மேல் தேக்கிலை பிடித்திருந்தார்கள்.

"தலைவரே, ஓடை வாயை வெட்டணும். இப்பவே. என் குட்டி உள்ள மாட்டிக்கிச்சு."

"முதல்ல உட்காரு தம்பி. இப்படி நனைஞ்சிருக்கியே."

"உட்கார வரல."

"வெட்டுனா என் வளை போயிடும், கிடங்கு போயிடும். மழை விட்டதும் உங்களுக்கெல்லாம் யாரு கிழங்கு குடுப்பா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"கிழங்கு வேண்டாம். வழி விடுங்க."

"அவசரப்படாதே. கூட்டம் போட்டுப் பேசுவோம்."

"யாரை வச்சுப் போடுவீங்க? செத்து மிதக்கறவங்களையா?"

ஒரு எடுபிடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொக்கையன் முறைத்ததும் அடக்கிக்கொண்டான்.

சிலும்பன் அவனை விட்டுத் திரும்பினான். மேட்டின் ஓரத்தில் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தான். எடுபிடிகள் வாலைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பி ஒரு கடி கடித்தான். அப்புறம் அவர்கள் கிட்டே வரவில்லை. ஆனால் ஒரு கீரி பறித்து எவ்வளவு மண் போகும்?

பக்கத்து மேட்டில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பன்றியண்ணே, உன் மூக்குக்கு இது ஒரு வேலையா? வாண்ணே" என்று கூப்பிட்டான் சிலும்பன்.

"தலைவரு கோவிச்சுக்குவாரேப்பா" என்றது பன்றி.

"நமக்கெதுக்கு வம்பு?" என்றது முள்ளம்பன்றி.

சிலும்பன் பன்றியைப் பார்த்துக் கத்தினான். "உன் காலைக் குனிஞ்சு பாரு. தண்ணி முட்டிக்கு வந்தாச்சு. அது மூக்குக்கு வந்தப்புறமும் தலைவரு கோவத்தைப் பத்தித்தான் யோசிப்பியா?"

பன்றி குனிந்து பார்த்தது. தண்ணீரில் இறங்கி வந்தது. மூக்கை மண்ணுக்குள் நுழைத்து நெம்பியது. மொக்கையன் கத்தினான். பன்றி இன்னொரு தரம் நெம்பியது. மேடு பிளந்தது. தண்ணீர் மண்ணையும் வளையையும் கிடங்கையும் அள்ளிக்கொண்டு ஆற்றைப் பார்த்து ஓடியது.

மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் புதர்க்காட்டில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. அவ்வளவுதான் வேலை. ஒரு கீரியும் ஒரு பன்றியும் செய்து முடித்துவிட்டார்கள்.

சிலும்பன் வளைக்கு ஓடினான். சேற்றைப் பறித்துக்கொண்டு உள்ளே போனான். குட்டி உள்ளறையின் உயரமான மூலைக்கு ஏறியிருந்தது. மூக்கைக் கூரையோடு அழுத்தி வைத்திருந்தது. உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

அதைக் கவ்விக்கொண்டு புற்றுக்கு வந்தான். செவத்தி முகர்ந்து பார்த்தாள். அதையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டாள். பாம்பு தலையைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் வெயில் அடித்தது. மொக்கையன் வெள்ளத்தில் கரை ஒதுங்கிய கிழங்குகளைக் குவித்து வைத்து எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னான். நின்றார்கள். பசி.

"கண்டு கேட்டிராத மழை! இயற்கையோட சீற்றத்துக்கு யாரு என்ன பண்ண முடியும்?" என்று பேசினான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பன்றி நெம்பித் திறந்த ஓடை வாயில் அவன் கூட்டத்தார் மறுபடி மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிலும்பனைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினான். "குட்டியைப் பறிகொடுத்தவன். இவனுக்கு மட்டும் ரெண்டு கிழங்கு குடுங்கப்பா."

சிலும்பன் கிழங்கைத் தொடவில்லை. "கோடையில எல்லாரும் கூடி உங்ககிட்ட என்ன சொன்னோம்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு தம்பி? துக்கத்துல பேசற நீ."

"நீங்க சொல்ல வேண்டாம். வரிசையில நிக்கறவங்க சொல்லட்டும்."

வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த கிழங்கைப் பார்த்தார்கள். கடைசியில் முள்ளம்பன்றிதான் முனகியது. "மழைக்கு முன்னாடி உங்க வீட்டை வேற எங்கயாவது மாத்திக்கோங்க, ஓடை வாயைத் திறந்து விடுங்கன்னு சொன்னோம்."

"அதுக்கு இவரு என்ன சொன்னாரு?"

"சரின்னாரு" என்றது பன்றி. "நாங்களும் சரின்னுட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டோம்."

வாங்கிய கிழங்கைக் கீழே போட்டுவிட்டு அது ஓடையைப் பார்த்து நடந்தது. முள்ளம்பன்றியும் போனது. பின்னால் வரிசையே கலைந்து போனது. மண் கொட்டிக்கொண்டிருந்தவர்கள் பன்றியின் மூக்கைப் பார்த்ததும் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

மழையை நிறுத்து என்று மொக்கையனிடம் யாரும் சொல்லவில்லை. தண்ணீருக்கு வழி விடு என்றுதான் சொன்னார்கள். அவன் விடவில்லை.

தண்ணீர் போகும் வழியை அடைத்து உட்கார்ந்தவனிடம் ஒரு 'சரி'யை மட்டும் வாங்கிக்கொண்டு கலைந்து போகிற ஊர், மழை வரும்போது தன் குட்டிகளைத்தான் பறிகொடுக்கும்.