ராக்கியப்பன் விற்க வந்த பிஸ்டல்

ராக்கியப்பன் பொய் சொல்வார் என்று ரைபிள் கிளப்பில் யாரும் சொல்வதில்லை. பொய் என்றால் அதற்கு ஒரு அளவு வேண்டும். அவர் வாயைத் திறந்தால் அளவெல்லாம் பஸ் ஏறி ஊரை விட்டே போய்விடும். கோவையில் வெட் கிரைண்டர் கடை வைத்திருக்கிறார். அங்கேயும் இதே வாய்தான், ஆனால் பிளக்கை மாட்டிக் காட்டச் சொன்னால் கிரைண்டராவது சுற்றும். கிளப்பில் அவர் எல்லாருடைய காதிலும் பூச் சுற்றுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் மாட்டியவள் கோகிலவாணி. பேக்கரி நடத்துகிறவள். வாரம் பூராவும் மாவோடும் அடுப்போடும் கிடந்துவிட்டு, ஞாயிறு காலையில் மட்டும் கிளப்புக்கு வந்து காகிதத்தில் நாலு ஓட்டை போட்டுவிட்டுப் போவாள். மெடல் ஆசையெல்லாம் கிடையாது. கிளப் பிஸ்டலுக்கு வரிசையில் நின்று நின்று அலுத்துப்போய், சொந்தமாக ஒன்று வாங்க லைசன்ஸ் எடுத்திருந்தாள். அதற்கு அவள் ஏறி இறங்கிய ஆபீஸ்களைச் சொன்னால் தனிக் கதையாகிவிடும். வாங்குவதற்குக் கொடுத்த கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. வாங்கப் போவதும் ஒன்றே ஒன்று. தப்பானதை வாங்கிவிட்டால் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான்.

அவளுக்கு வேண்டியது ஒரு சாதாரண பாயிண்ட் டூ டூ பிஸ்டல். தோட்டா சின்னது, விலையும் மலிவு, சுட்டால் கை உதறாது. டவுன் கடையில் நம் நாட்டுத் தயாரிப்பாகப் புதுசு ஒன்று பார்த்து வைத்திருந்தாள். பார்க்க இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கும். கடைக்காரர் அதைப் பற்றிப் பேசியதே "நல்லாச் சுடுமுங்க" என்று ஒரே பேச்சுதான்.

அதற்குள் ராக்கியப்பன் நடுவில் புகுந்துவிட்டார். அவரிடம் பழைய வெளிநாட்டு பிஸ்டல் ஒன்று இருக்கிறது. கோகிலவாணியின் மாமனாருக்கு அவர் பங்காளி முறை. "நம்ம அம்மிணிக்குத்தானே, புதுசு விலையில பாதிக்குத் தர்றேன்" என்று வீட்டுக்கே போய்ச் சொல்ல, மாமனாரும் காப்பி டம்ளரைக் கீழே வைக்காமல் சரி என்று தலையாட்டிவிட்டார். இனி வேண்டாம் என்றால் வீட்டில் ஆளாளுக்கு முகத்தைத் தூக்குவார்கள். பாதி விலை என்றது அவளையும் கொஞ்சம் ஆட்டத்தான் செய்தது. வாங்குவதற்கோ விடுவதற்கோ அவளுக்கு உருப்படியான ஒரு காரணம் வேண்டியிருந்தது.

சுடும் இடத்தில் மேசை போட்டிருந்தார்கள். எதிரே மண்மேடு. ராக்கியப்பன் வெல்வெட் துணியைப் பிரித்து, பிஸ்டலை எடுத்து, மண்மேட்டைப் பார்த்து நீட்டி, காலியாகவே விசையை அழுத்தினார்.

டிக்.

"கேட்டீங்களா அம்மிணி? வீணையில நரம்பைத் தட்டுன மாதிரி இல்லீங்?"

கோகிலவாணிக்குப் பல் கூசியது. விசையை அழுத்தினால் பிஸ்டலுக்குள் ஒரு ஊசி தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும். இந்த ரகத் தோட்டாவில் அது நடுவில் அடிக்காது, அடிப்பக்கத்து விளிம்பில் அடிக்கும். உள்ளே தோட்டா இல்லாமல் தட்டினால், விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஊசி வெறும் இரும்பில் போய் முட்டி மழுங்கிப்போகும். கிளப்பில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அன்றைக்கு இவர் பாடம் நடத்துகிறவருக்கே கதை சொல்லிக்கொண்டிருந்திருப்பார்.

"இதத் துப்பாக்கின்னு நெனச்சுப்போடாதீங்க. ஊசிங்க. போன மழைக்கு வீட்டுல ஒரே கொசு. சுருள் கொளுத்தறதுக்குப் பதிலா இத எடுத்தனுங்க. பறக்கற கொசுவை ரெக்கையில லேசாத் தொட்டு உடுவேன். அது எறங்கி நடந்து போயிரும். உசுருக்குச் சேதமில்லைங்க."

பக்கத்து மேசையில் நாச்சிமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தார். லேத் பட்டறைக்காரர். இரும்பைத் தவிர எதையும் லேசில் நம்ப மாட்டார். "நடந்து போன கொசு காலுல செருப்பு போட்டிருந்துச்சுங்களாண்ணா?" என்றார்.

"வீட்டுக்குள்ள சுட்டா செவுரு என்னத்துக்கு ஆகும் மாமா?" என்று கேட்டாள் கோகிலவாணி.

"ஆணி அடிக்க வேண்டிய எடமாப் பாத்துத்தான் சுடறது. உங்கத்தை காலண்டர் மாட்டியிருக்கறது பூரா என்ற குண்டு மேலதானுங்க."

டிக்.

பேக்கரியில் நேற்றைய பன்னை இன்றைக்குச் சுட்டது என்று தலையில் கட்டுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களுக்குக்கூட முகத்தில் கொஞ்சம் கூச்சம் தெரியும். இந்த மனுஷன் முகமோ கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது.

"செலவைச் சொல்லுங்க மாமா. தோட்டா எவ்வளவு தின்னும் இது?"

"செலவா? ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து எப்படி வீசுமுன்னு தெரியுமில்லீங்? மேக்க பாத்து நின்னு ஒரு குண்டை உடுவேன். வாளையார் தாண்டாது. காத்து அங்கயே மறிச்சுத் திருப்பித் தாட்டி உட்டுரும். கைய நீட்டுனா பொரி கணக்கா வந்து உழும். ஊதி ஆத்திப்போட்டு மறுக்கா போட வேண்டியதுதான். கல்யாணமான புதுசுல ஒரு டப்பா வாங்குனேன், இன்னும் பாதி கெடக்குது."

"குண்டு திரும்பி வந்துச்சு, சரி. மருந்து? விளிம்பு நசுங்குன தோட்டாக் கூட்டுல மறுக்கா மருந்து ரொப்ப முடியாதே மாமா."

"உங்கத்தை ரொப்பிருவா. எள்ளுருண்டை புடிச்ச கைங்க அது."

நாச்சிமுத்துவுக்கு டீ புரை ஏறியது. "ஏனுங்ண்ணா, பிஸ்டல் எதுக்கு? நீங்கதான் வாயிலயே வடை சுடறீங்களே."

ராக்கியப்பனுக்கு இதெல்லாம் உறைக்காது. யாராவது சிரித்தால் கதை நன்றாகப் போகிறது என்று எடுத்துக்கொள்வார். நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வடையை உடுங்க, யானையக் கேளுங்க. தொண்டாமுத்தூர்த் தோட்டத்துல வாழைக்குள்ள ஒத்தை யானை வந்து நிக்குது. கணபதிங்க அது, கை வெப்பனா? உத்துப் பாக்கறேன், காதுக்குள்ள ஒரு உண்ணி. உண்ணியை மட்டும் சுட்டு எடுத்து உட்டேன். யானை திரும்பி என்னைப் பாக்குது, கண்ணுல தண்ணி கொட்டுது. அன்னைலிருந்து வந்தா கேட்டைத் தொறந்து வரும், போறப்பச் சாத்திப்போட்டுப் போகும். போன வாரம் மோட்டாரை நிறுத்த மறந்துட்டு வந்துட்டேன். அதுவே நிறுத்திப்போட்டுப் போயிருக்குது."

"மோட்டார் ரூம் பூட்டியிருக்குமே மாமா?"

"அதுகிட்ட ஒரு சாவி குடுத்து வெச்சிருக்கறனுங்க."

டிக். டிக்.

"இதெல்லாம் என்ற தெறமைன்னு நெனச்சா தப்பு அம்மிணி. எல்லாம் பிஸ்டலோட புத்தி. திருச்சியில ஒரு போட்டி. மேசையில இத வெச்சுப்போட்டுச் சாப்படப் போயிட்டேன். ரசத்துக்கு வர்றதுக்குள்ள இதுவே சுட்டு முடிச்சு மொதப் பரிசு வாங்கிருச்சு. என்ற பேரைக் கூப்பிடறதா, பிஸ்டல் பேரைக் கூப்பிடறதான்னு அவிங்களுக்கே கொழப்பம். லைசன்ஸைப் பிஸ்டல் பேருக்கு மாத்திக்கச் சொல்லி ஆபீசர் கெஞ்சுனாரு."

"மெடல் எங்கீங்க?" என்றார் நாச்சிமுத்து.

"பிஸ்டல் கழுத்துலதான் போட்டாங்க. சின்னக் கழுத்து பாருங்க, வர்ற வழியில நழுவிருச்சு."

டிக்.

கோகிலவாணிக்குப் பொறுக்கவில்லை. "மாமா, இப்படி வெறும்னே தட்டிக் காட்டறது அடிக்கடி உண்டுங்களா?"

ராக்கியப்பன் முகம் மலர்ந்தது. "பின்னே? வீட்டுக்கு யாரு வந்தாலும் காப்பி உண்டோ இல்லியோ, இது உண்டு. வர்றவங்க கையிலயும் குடுத்துத் தட்டச் சொல்லுவேன். கொழந்தைக அழுதாக்கூட இதுதான் கிலுகிலுப்பை. எத்தனை வருசமாச்சு, ஒரு தேய்மானம் உண்டுங்களா!"

அன்றைக்கு அவர் சொன்னதில், வந்தவர்களெல்லாம் தட்டிப் பார்த்தார்கள் என்ற அந்த ஒன்றுதான் உண்மை என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் கோபமாக வந்தது. எந்தத் தேசத்திலோ யாரோ பார்த்துப் பார்த்துச் செய்த சாமான். வருகிற போகிற ஆளுக்கெல்லாம் பெருமை பீற்றியே அதன் உயிரை எடுத்திருக்கிறார். இப்போது அந்தப் பிணத்தை, சொந்தக்காரி என்று அவள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

"ஒரே ஒரு தோட்டா சுட்டுக் காட்டுங்க மாமா. வெடிச்சா இன்னைக்கே பேசி முடிச்சரலாம்."

ராக்கியப்பன் வானத்தைப் பார்த்தார். "இன்னைக்கு நாள் செரியில்லீங்களே அம்மிணி. இது வெள்ளிக்கிழமை சுட்டாத்தான்..."

"கடை சாமானை ஓட்டிப் பாக்காம வாங்குவாங்களா? உங்க கிரைண்டரைக்கூட மாட்டிக் காட்டித்தானே விக்கறீங்க."

நாச்சிமுத்து சட்டென்று எழுந்து தன் தோட்டா டப்பாவை நீட்டினார். காலையிலிருந்து அதே டப்பாவில்தான் அவர் சுட்டுக்கொண்டிருந்தார், ஒன்றுகூட அடம்பிடிக்கவில்லை. ரேஞ்ச் பொறுப்பாளர் தாமோதரன் எதிரே புதுக் காகிதம் மாட்டிவிட்டு வந்து நின்றார். இனித் தப்பிக்க வழியில்லை. ராக்கியப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டி, தோட்டாவைப் போட்டு, ஒரு கண்ணை மூடி, மூச்சை இழுத்து அழுத்தினார்.

டிக்.

"கீழ எறக்காதீங்க! அப்படியே புடிச்சு நில்லுங்க, லேட்டா வெடிச்சாலும் வெடிக்கும்" என்று சத்தம் போட்டார் தாமோதரன். வெடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அவரே தோட்டாவை வெளியே எடுத்தார். விளிம்பில் பூனை பிராண்டியது போல ஒரு கோடு, அவ்வளவுதான்.

"தோட்டா பழசுங்க" என்றார் ராக்கியப்பன். நாச்சிமுத்து அதே டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

டிக்.

மறுபடியும் தாமோதரன் கையைக் காட்ட, ராக்கியப்பன் நீட்டிய கையோடு நின்றார். அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பார்கள்.

"சுட்டாச்சுங்க அம்மிணி" என்றார் தலையைத் திருப்பாமல்.

"சத்தமே வல்லையே மாமா?"

"இதோட வேகம் அப்படிங்க. குண்டு முன்னாடி போயிருச்சு. சத்தம் பின்னாடி மெதுவா வரும்."

"காகிதத்துல ஓட்டையவும் காணமே?"

"ஓட்டையும் சத்தத்தோடதானுங்க வரும்."

கோகிலவாணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ரெண்டும் வந்து சேந்துச்சுன்னா உங்க பங்காளிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க மாமா. நான் டவுன் கடைக்குப் போயி, சுட்டவுடனே சத்தம் வர்றதா ஒன்னு வாங்கிக்கறேன்."