அந்தப்புரம் விலைக்கு வந்த கதை

முன்னொரு காலத்தில் கொன்றை நாட்டை வீரகம்பீரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் சொன்னதை மதியத்துக்குள் மாற்றுவார். சாப்பிட்டதும் தூங்கிவிடுவதால் அதற்குமேல் மாற்ற மாட்டார்.

அவர் சபையில் வாகைநம்பி என்று ஒரு பிரதானி. வீடு, மனை வாங்கும் சனங்கள் ஏமாறக் கூடாதென்று அவர் தரகர் சங்கம் ஒன்று வைத்தார். சங்கத்துத் தரகர் என்றால் தோளில் மஞ்சள் பட்டு இருக்கும். பட்டு எப்படிக் கிடைக்கும்? ஏற்கெனவே பட்டு போட்ட இரண்டு பேர் "இவர் யோக்கியர்" என்றால் போதும். அந்த இரண்டு பேரை யோக்கியர் என்றது யார்? பட்டு கேட்டு வந்த இவரேதான்!

பூவாயி என்ற பணியாரக்காரி பட்டை நம்பி ஒரு மனை வாங்கினாள். முதல் மழையிலேயே மனையைக் காணோம். அது ஏரி! கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே சபைக்கு வந்துவிட்டாள்.

"மகாராஜா, குடியிருக்க இடம் கேட்டேன். மீன் பிடிக்க இடம் கொடுத்திருக்காங்க."

வாகைநம்பி சிரித்தார். "ஏம்மா, சங்கமே நல்ல மனை என்கிறது. நீ ஒருத்தி ஏரி என்கிறாய்."

"சங்கத்துல யாராவது போய்ப் பார்த்தாங்களா சாமி?"

"எதற்குப் பார்ப்பது? நாங்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறோம்!"

ராஜாவுக்கு இந்தப் பதில் பிடித்துப்போயிற்று. "சங்கம் பொய் சொல்கிறதென்று இப்போதே காட்டு. இல்லையென்றால் பிள்ளையோடு நாட்டைவிட்டுக் கிளம்பு!"

பூவாயி பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வரிசையாக நின்ற தரகர்கள் பக்கம் திரும்பினாள். "ஐயாமாரே, இன்னொரு வீடு விலைக்கு வருதாம். கிழக்கே பெரிய கொட்டில், மேற்கே தாமரைக் குளம், தெற்கே களஞ்சியம், வடக்கே உசரமா ஒரு கொடிக்கம்பம். வாங்கலாமா?"

முதல் தரகர் பட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "தாராளமாக! வில்லங்கமே இல்லை. சொந்தக்காரர் எனக்குச் சின்ன வயதுப் பழக்கம்."

"அண்ணன் சொன்னால் சரிதான்" என்றார் அடுத்தவர். "பாவம், கடன் தொல்லையில் விற்கிறார்."

"ஓடெல்லாம் ஒழுகும்" என்றார் மூன்றாமவர். "ஒரு கறவை மாட்டு விலைக்கு முடித்துத் தருகிறேன்."

"அதற்கு நான் பொறுப்பு!" என்றார் வாகைநம்பி.

ராஜா விரல் மடக்கிக்கொண்டிருந்தார். கொட்டில், குளம், களஞ்சியம், கொடிக்கம்பம்... துள்ளி எழுந்தார்.

"அடப்பாவிகளா, அது என் அந்தப்புரமடா!"

தரகர்கள் அவசர அவசரமாகத் தோளிலிருந்த பட்டைக் கழற்றினார்கள்.

"விற்றதைக்கூட விடுகிறேன். ஒரு மாட்டு விலையா?"

கோபம் தணிந்ததும் கேட்டார்: "பூவாயி, அப்படியானால் யாரைக் கேட்டு மனை வாங்குவது?"

"நாலு பக்கமும் குடியிருக்கிறவங்களைத்தான் மகாராஜா. அவசரத்துல நானும் கேக்காம விட்டுட்டேன். தரகர் பொய் சொல்லிட்டு அடுத்த ஊர் போயிடுவார். அவங்க எங்கே போவாங்க? விடிஞ்சா கோலம் போடறப்ப என் மூஞ்சியில முழிக்கணுமே!"

அன்றிலிருந்து பட்டு கொடுப்பது அக்கம்பக்கத்தார் வேலை என்று ஆணை பிறந்தது. "வாகைநம்பி, நல்ல மனை என்றீரே, ஏரியில் நீரே போய் இரும். உம் வீடு இனி பூவாயிக்கு!"

பூவாயி கும்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்கே அவசரமாகப் போகிறாய்?"

"அந்த வீட்டுக்கு நாலு பக்கமும் விசாரிச்சுட்டு வர்றேன் மகாராஜா. ராஜா கொடுத்தா மட்டும் கேக்க வேண்டாமா?"

அன்று சாயங்காலமே அங்கே பணியாரக்கல் அடுப்பேறியது. முதல் ஈடு நாலு பக்கத்து வீட்டுக்கும் போயிற்று.